மாற்று எண்

எங்கள் வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். கேட்க வேண்டும், சொல்லக் கூடாது. "உங்க அட்ரஸ் சொல்லுங்க" என்று கேட்கலாம். "உங்க அட்ரஸ் இதுதானே" என்று நாமே வாசித்துக் காட்டக் கூடாது. அதற்கும் முன்னால், போனை எடுத்தவர் யார் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். ஏழு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான் செய்த காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை.

மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். மொத்தம் பன்னிரண்டு பேர். கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்த ஆளின் படிப்பு, பழைய வேலை, போலீஸ் வழக்கு எல்லாவற்றையும் தோண்டித் துருவும் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் தோண்ட ஆரம்பிப்பதற்கு முன்னால், விண்ணப்பம் போட்டவர் நிஜமாகவே அந்த ஆள்தானா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பங்கு. வீடியோ காலில் ஆதாரை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வோம். இடது பக்கம் திரும்புங்கள், வலது பக்கம் திரும்புங்கள், கையை முகத்துக்கு முன்னால் ஆட்டுங்கள் என்போம். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் அடுத்தவன் முகத்தையே மாட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள், அதற்குத்தான் அந்தக் கையாட்டல். ஒரு நாளைக்கு முப்பது பேர். ஒவ்வொருவரிடமும் கடைசியில் "சரியா சார், சரியா மேடம்" என்று கேட்டு முடிப்பேன். தூக்கத்தில்கூட அப்படிக் கேட்கிறேன் என்று என் வீட்டுக்காரர் குமரேசன் கிண்டல் செய்வார்.

எனக்கு ஒரு கெட்ட குணம். காத்திருக்கப் பிடிக்காது. ஊரப்பாக்கம் ரேஷன் கடை வரிசையில் நான் நின்றால் முன்னால் நிற்பவர்களுக்குத் தலைவலி வந்துவிடும். ஒரு கேஸைத் திறந்தால் உடனே முடித்து மூட வேண்டும், இல்லையென்றால் சாப்பாடு இறங்காது. எங்கள் டீம் லீடர் ஹரிபிரசாத் என்னைவிட எட்டு வயது சின்னவன். காலையிலிருந்து மாலை வரை அவன் வாயில் வருவது "டைம் ஆகுதுக்கா" என்ற ஒரே வாக்கியம்தான். நானும் அவனும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஏஞ்சல் என்ற பெண்ணின் கேஸ் வந்தது. வயது இருபத்தாறு. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன் வேலைக்கு எடுத்திருந்தார்கள். பதினோரு மணிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்னும் இரண்டு முறை போட்டேன். வேலை வேண்டும் வேண்டும் என்று விண்ணப்பம் போடுவார்கள், போனை மட்டும் எடுக்க மாட்டார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் 'மாற்று எண்' என்று இன்னொரு நம்பர் தெரிந்தது. நான்கு வருடத்துக்கு முன் வேலை தேடும் தளம் ஒன்றில் அவள் ஏற்றிவைத்த பயோடேட்டாவிலிருந்து எங்கள் கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துப் போட்ட நம்பர் அது. அதற்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்ற பொத்தான் சிவப்பாக இருந்தது. உள்ளே ஏதாவது எழுதியிருந்தால்தான் அது சிவக்கும். பெரும்பாலும் 'மதியத்துக்கு மேல் கூப்பிடவும்' என்ற மாதிரி ஏதாவது இருக்கும். நான் அதைத் திறக்கவில்லை. மாற்று எண்ணை அழுத்தினேன்.

இது எங்கள் ஆபீஸில் எல்லோரும் செய்கிற குறுக்கு வழி. ஆள் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் அம்மாவோ தம்பியோ எடுப்பார்கள், அவர்களிடமே முகவரியைச் சரிபார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். வீட்டு ஆள்தானே, சொன்னால் என்ன என்று நினைப்போம். எத்தனையோ நூறு முறை அப்படிச் சொல்லியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"ஏஞ்சல் அவங்க நம்பரா சார்?"

"ஆமாங்க மேடம். நான் அவங்க வீட்டுக்காரர்தான் பேசறேன். குளிச்சிட்டு இருக்காங்க. என்ன விஷயம்?"

நல்ல குரல். அவசரம் இல்லாத, பணிவான குரல். காலையிலிருந்து என்னிடம் எரிந்து விழுந்த ஆறேழு பேருக்கு அப்புறம் அந்தக் குரல் கேட்க இதமாக இருந்தது. நான் சலித்துக்கொண்டேன்.

"வேலைக்கு ஐடி வெரிஃபிகேஷன் சார். மூணு தடவ போட்டேன், எடுக்கவே மாட்டேங்கிறாங்க."

"அவ எப்பவும் அப்படித்தான் மேடம்." லேசாகச் சிரித்தான். "இந்த வேலைக்கு ரொம்ப நாளா காத்துட்டு இருக்கோம். நானே சொல்லிடறேன், கேளுங்க."

"இப்ப இருக்கற அட்ரஸ் சொல்லுங்க சார்."

கேட்டேன். முறைப்படிதான் கேட்டேன்.

"அதுதான் மேடம் எனக்கே குழப்பம். இப்பதான் வீடு மாறினோம். அவ பழசக் குடுத்தாளா புதுசக் குடுத்தாளான்னு தெரியல. தப்பா குடுத்து வேலை கைநழுவிப் போச்சுன்னா பாவம். உங்ககிட்ட இருக்கறத வாசிங்களேன், சரியான்னு பாத்து சொல்லிடறேன்."

எதிரில் ஹரிபிரசாத் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். நான் வாசித்தேன். பீர்க்கன்கரணை, ஏரிக்கரைத் தெரு, கதவு எண் பதினாலு பை இரண்டு, எல்லம்மா வீடு, முதல் மாடி. பிறகு, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்ல முடியுமா என்று கேட்டான். மெதுவாகச் சொன்னேன்.

"சரியா சார்?"

"ரொம்ப கரெக்ட் மேடம். ரொம்ப தேங்க்ஸ். எந்த கம்பெனி வேலை மேடம்?"

"அத நாங்க சொல்லக் கூடாது சார்," என்றேன். அதில் மட்டும் நான் பெரிய கெட்டிக்காரி.

"உங்க பேரு மேடம்?"

"கோகிலவாணி."

"கோகிலவாணி," என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நல்ல பேரு மேடம்." வைத்துவிட்டான்.

அரைமணி நேரத்தில் ஏஞ்சலிடமிருந்து மெசேஜ் வந்தது. தெரியாத நம்பர் என்று எடுக்கவில்லை, மன்னிக்கவும், பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் வருகிறேன் என்று எழுதியிருந்தாள். சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தாள். ஒடிசலான முகம், இறுக்கிப் பின்னிய தலை. பின்னால் ஒரு சேலையைத் திரைபோலக் கட்டியிருந்தாள். ஆதாரைப் பக்கத்தில் பிடித்தாள். அதில் கணவர் பெயர் சுகுமார், ஊர் படப்பை என்று இருந்தது.

"ஆதார்ல அட்ரஸ் வேறயா இருக்கேம்மா?"

"மாத்தலக்கா. மாத்தணும்னா ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகும்."

"உங்க வீட்டுக்காரரும் பீர்க்கன்கரணையிலதானே இருக்காரு?"

ஆதார் பிடித்திருந்த கை கீழே இறங்கியது.

"இல்லக்கா. நான் மட்டும்தான். மூணு மாசமா தனியா இருக்கேன். பழைய நம்பருக்கு மட்டும் போட வேணாம், அட்ரஸ யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு ஹெச்ஆர் மேடத்துக்கு மெயில் போட்டிருந்தேனே. உங்களுக்கு வந்திருக்குமே?"

அப்போதுதான் அந்தச் சிவப்புப் பொத்தானைத் திறந்தேன். இரண்டே வரி. மாற்று எண்ணுக்கு அழைக்க வேண்டாம். விண்ணப்பதாரரின் பாதுகாப்பு கருதி, தற்போதைய முகவரியை எவரிடமும் தெரிவிக்கக் கூடாது.

நாங்கள் பேசும் போன் கால்கள் எல்லாம் பதிவாகும். அவளிடம் இப்போது உண்மையைச் சொன்னால் அதுவும் பதிவாகும், ஏழு வருட வேலை போகும். இவ்வளவும் அந்த ஒரு விநாடியில் எனக்குத் தோன்றியது. "வந்திருக்கும்மா," என்றேன். இடது பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினாள். காதுக்குக் கீழிருந்து தாடை வரை பழைய வெட்டுத் தழும்பு ஒன்று வெள்ளைக் கோடாக ஓடியது. வலது பக்கம் திரும்பச் சொன்னேன். கையை ஆட்டச் சொன்னேன். "சரியா மேடம்," என்று கேட்டேன்.

"சரிக்கா. வேலை கிடைச்சிடும்ல?"

"கிடைக்கும்மா."

அழைப்பைத் துண்டித்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

ஹரிபிரசாத்திடம் போய்ச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது, ஆனால் ஏஞ்சலை நினைத்து வெளுத்ததாகத் தெரியவில்லை. "அக்கா, எழுத்துல எதுவும் போடாதீங்க. கான்ட்ராக்டே போயிடும். வீட்டுக்காரர்தானேக்கா, பேசிட்டுப் போயிடுவாரு," என்றான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நானும் அதைத்தானே நினைத்தேன், அதனால் அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஏஞ்சலுக்கு ஆபீஸ் நம்பரிலிருந்து போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. கீழே துணி துவைக்கப் போயிருப்பாள், சாப்பிடப் போயிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அந்த மாற்று எண்ணை அழுத்தினேன். என்ன பேசப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

எடுத்தான். காற்று இரைந்தது. பக்கத்தில் லாரி ஹாரன்.

"சொல்லுங்க கோகிலவாணி மேடம். வண்டி ஓட்டிட்டு இருக்கேன். கொஞ்சம் பொறுத்துப் பேசட்டுமா?"

அதே பணிவு. நான் போனை வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

ஆட்டோ கிடைத்தது. இரும்புலியூரில் எந்நேரமும் நிற்கிற நெரிசல் அன்றைக்கும் நின்றது. ஏஞ்சலுக்கு மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப். அவசரப் போலீசுக்குப் போட்டேன். என்ன நடந்தது என்று கேட்டார்கள். இன்னும் எதுவும் நடக்கவில்லை, நடக்கப் போகிறது என்றேன். முகவரியைக் கேட்டார்கள். அன்றைக்கு அந்த முகவரியை நான் மூன்றாவது முறையாகச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் சர்வீஸ் ரோட்டில் எதிர்த் திசையில் வண்டியை விட்டார்.

ஏரிக்கரைத் தெருவில் பதினாலு பை இரண்டு என்பது பெயர்ப்பலகை எதுவும் இல்லாத சாதாரண மாடி வீடு. இரும்புக் கேட்டில் உள்பக்கமாகப் பூட்டு. கேட்டைத் தட்டினேன். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி வந்தாள். எல்லம்மா. மாடியில் நான்கு அறைகளைத் தனியாக வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விடுகிறவள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

"யாரு நீ? இன்னா வோணும்?"

"ஏஞ்சல் இருக்காங்களாம்மா?"

"அப்டி யாரும் இங்க இல்ல."

"ஆபீஸ்லேர்ந்து வரேம்மா. இப்பதான் வீடியோல அவங்ககிட்ட பேசினேன்."

"எந்த ஆபீஸு? கார்டு இன்னா கீது, காட்டு."

கழுத்தைத் தடவினேன். கார்டு நாற்காலி முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. நாளைக்கு முப்பது பேரைக் கார்டைக் காட்டு, மூஞ்சியைக் காட்டு என்று அதட்டுகிறவள், கையில் போனும் வியர்வையுமாக நின்றேன்.

"தோ பாரும்மா," என்றாள் எல்லம்மா. "அர மணி நேரம் முன்ன ஒர்த்தன் வந்தான். கல்யாண போட்டோ, அந்தப் பொண்ணோட ஆதார் ஜெராக்ஸு, அல்லாத்தையும் கைல வெச்சிகினு அழுதான். அவனாண்டயே இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீ கைய வீசிகினு வந்து கேட்டா சொல்லிடுவேனா? போ, பேஜார் பண்ணாத."

அந்த இடத்தில் நான் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். அவன் வந்தான், இல்லை என்ற பதிலைக் கேட்டான், போய்விட்டான். எனக்கு அது புத்தியில் ஏறவே இல்லை. அவளைக் கண்ணால் பார்த்தால்தான் என் நெஞ்சு அடங்கும் போலிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"அந்த ஆளுக்கு அட்ரஸ் சொன்னதே நான்தாம்மா. ஏஞ்சல் மேலதான் இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். உடனே இங்கேர்ந்து கிளம்பச் சொல்லுங்க."

மாடியில் ஒரு கதவு திறந்தது. ஏஞ்சல் படியின் பாதி வரை இறங்கி வந்தாள். "எல்லம்மாக்கா, இது அந்த வெரிஃபிகேஷன் அக்கா. குரல் தெரியுது," என்றாள்.

எல்லம்மாவின் பார்வை என்னைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்க் கேன் கடைக்குப் பக்கத்தில், புங்க மரத்தடியில் ஒரு பைக். அதன்மேல் ஹெல்மெட்டோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் போகவே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றினான். முப்பது வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, தெருவில் பார்த்தால் வழி கேட்கத் தோன்றும் முகம். படியில் நின்ற ஏஞ்சலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, நன்றி சொல்கிற மாதிரி தலையை ஒரு முறை ஆட்டினான்.

எல்லம்மா இல்லை என்று சாதித்ததில் அவனுக்குக் கொஞ்சம் சந்தேகமாவது வந்திருக்கும். நான் வந்து அதைத் தீர்த்து வைத்தேன். சரிபார்த்துக் கொடுப்பதுதானே என் வேலை.

எல்லம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து மறுபடி பூட்டினாள். ஏஞ்சல் அழவில்லை. மாடியில் அவள் அறைக்கு ஏறினோம்; கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்கியது. மூன்று மாதமாகக் கட்டியபடியே தொங்குகிற பை அது என்று எல்லம்மா சொன்னாள். அதை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஏஞ்சல் என் முன்னால் வந்து நின்றாள்.

"ஈ காக்காய்க்குத் தெரியாம இருந்தேன்கா," என்றாள். "கோயிலுக்குக்கூடப் போகாம இருந்தேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. மன்னிச்சிடும்மா என்றேன். அவள் பையின் வாரை இறுக்கிக்கொண்டாள். நானாக இருந்தாலும் மன்னித்திருக்க மாட்டேன்.

போலீஸ் வண்டி வர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் புங்க மரத்தடி காலியாகியிருந்தது. வந்தவர் நல்ல மனிதர்தான், பொறுமையாகக் கேட்டார், எழுதித் தரச் சொன்னார். இதற்கு முன் வேறு ஸ்டேஷனில் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன் சார், இரண்டு தடவையும் சமாதானம் பேசி அவனோடேயே அனுப்பிவைத்தார்கள் என்றாள் ஏஞ்சல். மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்தாள். பிறகு எல்லம்மாவின் கொழுந்தன் சவுரிமுத்து தன் லோடு ஆட்டோவைப் பின்பக்கச் சந்தில் கொண்டுவந்து நிறுத்தினார். காலிக் கேன்களுக்கு நடுவில் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்கம்மா போறே?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

"கேக்காதீங்கக்கா," என்றாள்.

வண்டி ஏரிப் பக்கமாகத் திரும்பிப் போனது.

ஆபீஸுக்குத் திரும்பி நடந்ததை எல்லாம் எழுத்தில் போட்டேன். ஹரிபிரசாத் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். ஏஞ்சலின் கேஸில் 'அடையாளம் சரி' என்று போட்டு, முகவரிக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பினேன். அந்த லேபுக்கு ஊரெல்லாம் கிளைகள். எந்தக் கிளையில் சேர்ந்தாள், சேர்ந்தாளா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கிற வரைக்கும் என்னிடமிருந்து யாரும் அதைப் பிடுங்க முடியாது.

ஆனால் பயம் போகவில்லை. புதன்கிழமை ரயிலில் இறங்கி நடக்கும்போது பின்னால் ஒரு ஹெல்மெட் வருவது போலத் தெரிந்தது. வியாழக்கிழமை எங்கள் தெருமுனையில் ஒன்று. ஊரில் பாதிப் பேர் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டுதான் நடக்கிறார்கள், பைத்தியம் பிடித்துவிடப் போகிறது உனக்கு என்று குமரேசன் சொன்னார். அவருக்குத் திருமுடிவாக்கத்தில் வெல்டிங் வேலை, அந்த வாரம் பகல் ஷிப்ட், மாலை ஏழுக்குத்தான் வருவார். ஆறாவது படிக்கிற எங்கள் மகள் தமிழினி மூன்றே முக்காலுக்குப் பள்ளி விட்டதும் தெருப் பிள்ளைகளோடு நடந்து வந்து, சாவியை எடுத்துத் திறந்து தனியாகத்தான் இருப்பாள். மூன்று வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அதைப் பற்றி நான் ஒரு நாளும் பயந்ததில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு என் மேஜை போன் அடித்தது.

"கோகிலவாணி மேடமா? ஒரு அட்ரஸ் வெரிஃபிகேஷன் மேடம்."

அந்தக் குரலை என் காது எனக்கு முன்பே கண்டுகொண்டது.

"என் வீட்டம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லுவீங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு வாசிக்கறேன், சரியான்னு மட்டும் பாத்து சொல்லுங்க." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஊரப்பாக்கம். ரேஷன் கடைக்கு எதிர் சந்து. மூணாவது வீடு, மாடி, பச்சை கேட்டு. வீட்டுக்காரர் வெல்டிங் வேலை, ஏழு மணிக்கு வருவாரு. பொண்ணு ஆறாவது. பேரு தமிழினி. மூணே முக்காலுக்கு ஸ்கூல் விடும்."

அந்த ஹெல்மெட் என் கற்பனை இல்லை; செவ்வாய்க்கிழமையிலிருந்தே என் பின்னால் வந்து, எங்கள் தெருவிலும் விசாரித்திருக்கிறான்.

"சரியா மேடம்?" என்றான்.

இந்தக் கேள்வியை நான் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. போனை வைத்தேன். இவ்வளவு நாள் பேசாத ஹரிபிரசாத்தைப் பார்த்து, இந்தப் போன் கால் பதிவாகியிருக்கிறது, எடுத்துப் போலீசுக்குப் போடு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் எதுவும் கேட்காமல் போனை எடுத்தான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டேன். என் செல்போன் எங்கே என்று தேடக்கூடப் பொறுமையில்லை, ஆபீஸ் போனிலேயே போட்டேன். நான்கு முறை அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"ஆறாவது பி செக்‌ஷன் தமிழினியோட அம்மா பேசறேங்க. இன்னிக்கு அவள வெளிய அனுப்பாதீங்க. யார் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. நான் வர வரைக்கும் ஆபீஸ் ரூம்லயே உக்கார வைங்க."

"இருங்க இருங்க. மொதல்ல நீங்க யாரு பேசறீங்க?"

"அம்மாங்க. தமிழினியோட அம்மா."

"அது சரி, நான் எப்படி நம்பறது? எங்க ரெஜிஸ்டர்ல இருக்கற நம்பர் இது இல்லையே. பொண்ணோட பிறந்த தேதி சொல்லுங்க."

வேறு நாளாக இருந்தால், அவசரத்தில் போன் பண்ணினால் குறுக்கு விசாரணையா என்று அந்தப் பெண்ணை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அன்றைக்கு அவள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்றாள் அவள். "பத்து நிமிஷம் முன்னாடி ஒருத்தர் போன் பண்ணாரு. தமிழினியோட அப்பா, ஊருக்குப் போகணும், சித்தப்பா வருவாரு, பொண்ண சீக்கிரமா அவர்கிட்ட அனுப்பி வைங்கன்னாரு. ரொம்ப மரியாதையா பேசினாரு. பிறந்த தேதி கேட்டேன், வெச்சிட்டாரு. அதான் கேக்கறேன். நீங்க சொல்லுங்க."

நான் தேதியைச் சொன்னேன். மாதத்தைச் சொன்னேன். வருடத்தைச் சொல்லும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அப்பா பேரு?" என்றாள்.

"குமரேசன்."

"அட்ரஸ் சொல்லுங்க."

அவள் வாசிக்கவில்லை, கேட்டாள். நான் சொன்னேன். காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டே கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரைக்கும் சொன்னேன்.

"இன்னும் கேளுங்க மேடம்," என்றேன். "என்ன வேணும்னாலும் கேளுங்க."